அடுப்பறிந்து விறகிடுவோம்

நுழையும்முன்

எரிவளி அடுப்பு பரவியபின் விறகைப் பற்றிய அறிவு பல வீடுகளில் மறைந்து வருகிறது. எந்த விறகு எதற்கு ஏற்றது, அதனை எவ்வாறு காயவைத்துக் காப்பது என்பவற்றைத் திருவனந்தபுரத்து அடுப்புகளின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றுக்கால் அடுப்புகள்

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் கும்ப மாதத்துப் பூர நாளன்று ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பொங்காலை நடைபெறுகிறது. மலையாளக் கும்பமும் தமிழ் மாசியும் ஒரே காலத்தில் வருவன. இக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவி கண்ணகியே என்பது மக்களின் நம்பிக்கை. விழா நாள்களில் பாடப்பெறும் தோற்றம் பாட்டும் கண்ணகியின் கதையையே கூறுகிறது.

அன்று கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பெண்கள் மூன்று செங்கற்களைக் கூட்டி அடுப்பமைத்து, அதன்மேல் மண்பானையை ஏற்றுகின்றனர். 2009ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் சாதனை நூலில் பதிவாகியுள்ளது. கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டப்பெறும் தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி நகரெங்கும் பரவுகிறது.

கைமாறி வரும் தீயை அடுப்பு உடனே பற்றிக்கொள்ள வேண்டும். பானை பொங்கும்வரை தழல் தளராதிருக்கவும் வேண்டும். நெருங்கி அமர்ந்திருக்கும் பெண்களின் கண்களைப் புகை வருத்தவும் கூடாது. ஆகவே, காய்ந்த ஓலையும் கொதும்பும் இங்குப் பெரிதும் பயன்படுகின்றன. கொதும்பு என்பது தென்னம்பாளையின் உலர்ந்த உறையாகும். அது மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் இருப்பதால் நன்கு உலர்கிறது. விரைவில் பற்றிக்கொண்டு ஓங்கி எரிகிறது.

தென்னை தரும் விறகு

தென்னையின் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு வகையில் எரியும். ஓலையும் பன்னாடையும் நொடியில் பற்றும், நொடியில் அணையும். எனவே அவை தீ மூட்டுவதற்கு ஏற்றவை. கொதும்பும் பிளந்த மட்டையும் விரைந்து பொங்கவைக்க உதவும். சிரட்டை தடித்தது, கடினமானது. அது பற்றுவதற்கு நேரமாகும்; பற்றியபின் மிகுந்த வெப்பத்துடன் நின்று எரிந்து தணலாகும். தேங்காயின் உரிமட்டை நார் மிகுந்தது; ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். நன்கு காயாத உரிமட்டை எரிவதைவிடப் புகைவதே மிகுதி.

பால் காய்ச்சுவதற்கும் நெடுநேரம் பயறு வேகவைப்பதற்கும் ஒரே விறகு பொருந்தாது. வேலையைக் கருதி விறகைத் தேர்ந்தெடுத்தால் விறகும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ‘கொட்டாங்கச்சி’ எனப்படுவது கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘சிரட்டை’ எனப்படுகிறது. மலையாளத்தில் அது ‘சிரட்ட’ என வழங்குகிறது. குமரிப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. விறகு, அடுப்பு, ஓலை ஆகிய சொற்களும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை.

ஈரமும் புகையும்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கும். அத்தகைய இரண்டு கிலோ விறகில் ஒரு கிலோ நீர் மறைந்திருக்கிறது எனலாம். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 2260 கிலோஜூல் வெப்பம் தேவை. அவ்வெப்பம், ஏழு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதாவது, ஈர விறகு பானைக்குத் தரவேண்டிய வெப்பத்தைத் தன்னை உலர்த்திக்கொள்வதிலேயே செலவழிக்கிறது.

வெப்பம் குறைந்த தீயில் விறகிலிருந்து வெளிவரும் வளிகள் முழுமையாக எரிவதில்லை. எரியாமல் எஞ்சியவையே கரும்புகையாக எழுகின்றன. அப்புகை அடுக்களையில் நிற்பவரின் கண்ணையும் நுரையீரலையும் தாக்குகிறது. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1962இல் தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து என்னும் அறிவியல் இயக்கம், இக்கேட்டைக் குறைக்கப் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பொன்றை உருவாக்கியது. ‘பரிஷத் அடுப்பு’ என்று மக்கள் அதனை அழைத்தனர். எனினும், எத்துணைச் சிறந்த அடுப்பாயினும் ஈர விறகை இட்டால் அதன் பயன் குறைந்துவிடும்.

மரத்தூளும் மரக்குச்சியும்

மர அறுவை ஆலைகளில் குவியும் தூளும் எரிபொருளே. கேரள வீடுகள் பலவற்றில் மரத்தூள் அடுப்பு வழக்கில் இருந்தது. தகர உருளையின் நடுவில் ஒரு புட்டியை நிறுத்துவர். உருளையின் அடியிலுள்ள பக்கத்துளை வழியே ஓர் உருண்டைக் கட்டையைச் செருகுவர். அவற்றைச் சுற்றித் தூளை இறுக்கமாக அடைத்தபின் புட்டியையும் கட்டையையும் மெல்ல உருவி எடுப்பர். அப்போது காற்று செல்வதற்கு வழி உண்டாகும். அடியில் தீயிட்டால் தூள் சிறிது சிறிதாகப் பல மணிநேரம் எரியும். தூள் ஈரமாக இருந்தால் அடுப்பு புகைந்து அணைந்துவிடும்.

இதே மரத்தூளை உலர்த்தி, உயர்ந்த அழுத்தத்தில் சிறு துளைகளின் வழியே செலுத்தினால் மரத்துகள் குச்சிகள் கிடைக்கின்றன. இவற்றைப் ‘பெல்லட்’ என்பர். அழுத்தத்தின்போது எழும் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தூளைப் பிணைக்கிறது. வீட்டு அடுப்புக்குரிய குச்சிகள் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன் உடையவை. அவற்றின் ஈரம் பத்து விழுக்காட்டைத் தாண்டாது. கனடா, சுவிட்சர்லாந்து போன்ற குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க இவை பயன்படுகின்றன. பளபளப்பான, உடையாத குச்சிகள் நல்லவை. பையின் அடியில் தூள் மிகுந்திருந்தால் அது தரக்குறைவின் அடையாளமாகும். தண்ணீர் பட்டால் குச்சி ஊதி மீண்டும் தூளாகிவிடும்.

சேமிக்கும் முறை

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை சூன் மாதத்தில் தொடங்குகிறது. ஆகையால் கோடையிலேயே விறகைப் பிளந்து உலர்த்திவிட வேண்டும். பிளந்த விறகு முழுக்கட்டையைவிட விரைவில் காயும். காய்ந்த இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும். ஈரத்துண்டுகள் மந்தமாக ஒலிக்கும்.

• விறகைத் தரையில் இடாமல் செங்கல் அல்லது கட்டையின்மேல் அடுக்குக. இதனால் மண்ணின் ஈரமும் கறையானும் எளிதில் அணுகா.
• மேலே கூரை அமைத்து, பக்கங்களைக் காற்று புகுமாறு திறந்து வைக்க. விறகை முழுவதும் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.
• பழைய விறகை முதலில் எடுத்துப் பயன்படுத்துக.
• அடுப்புக்கு மிக அருகில் விறகைக் குவிக்கற்க.
• சாயம் பூசிய பலகையையும் நெகிழியையும் எரிக்கற்க. அவற்றின் புகை நச்சுத்தன்மை உடையது.
• பெல்லட் பைகளைக் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைக்க. மூடிய அறையில் பெருமளவு குவித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி சேரக்கூடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை.

ஓலைக்கீற்றாயினும் இயந்திரம் வார்த்த குச்சியாயினும் உலர்ந்திருந்தால்தான் நன்கு எரியும். மழைக்காலத்து அடுப்பின் நலம், கோடையில் விறகு காத்தவரின் முன்னறிவைப் பொறுத்தது.

சொல்லும் பொருளும்

எரிவளி – சமையல் வாயு
தழல் – தீக்கொழுந்து
தணல் – கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு
பன்னாடை – தென்னை மட்டையின் அடியிலுள்ள வலைபோன்ற பகுதி
உரிமட்டை – உரித்த தேங்காய் மட்டை

மதிப்பீடு

1. பொங்காலை அடுப்புக்குக் கொதும்பு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. ஈர விறகு மிகுதியாகப் புகைவதற்குக் காரணம் யாது?
3. மரத்தூள் அடுப்பில் புட்டியையும் கட்டையையும் உருவி எடுப்பதன் நோக்கம் என்ன?
4. வீட்டிலுள்ள மூத்தோரிடம் அவர்களது ஊரில் விறகைச் சேமித்த முறையைக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.