மோட்டார் வண்டியில் குளிர்சாதனம்: கையால் இயக்குவதும் தானே இயங்குவதும்

உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஸ்பிரிட்டை விட்டால், அது ஆவியாகும்போது கை சில்லிடுகிறது. திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னைச் சூழ்ந்த பொருளிலிருந்து கவர்ந்து கொள்கிறது. மோட்டார் வண்டியின் குளிர்சாதனத்திற்கும் இதுவே அடிப்படை. ஆசிரியர்கள் இச்சோதனையுடனேயே பாடத்தைத் தொடங்கலாம்.

குளிர்ச்சி உண்டாகும் முறை

பல வண்டிகளில் ஆர்-134ஏ என்னும் குளிரூட்டும் பொருள் பயன்படுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது சுமார் -26° செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஞ்சினால் சுழற்றப்படும் அமுக்கி (கம்ப்ரெஸர்) இதன் ஆவியை அழுத்துகிறது. அழுத்தமும் வெப்பமும் மிகுந்த ஆவி, வண்டியின் முன்புறத்திலுள்ள குழாய்ச் சுருளுக்குச் சென்று, வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வின் வழியே பாய்ந்ததும் அழுத்தம் திடீரெனக் குறைகிறது. அப்பொழுது திரவம் வண்டிக்குள்ளிருக்கும் மற்றொரு சுருளில் ஆவியாகி, அதன்மீது வீசும் காற்றைக் குளிர்விக்கிறது. காற்றிலுள்ள ஈரமும் அச்சுருளில் நீராகப் படிந்து வெளியேறுகிறது. வண்டியின் அடியில் சொட்டும் நீர் இதுவே, இது பழுதன்று.

கையால் இயக்கும் முறை

எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய நீர், வண்டிக்குள் ஒரு சிறு ரேடியேட்டர் வழியாகவும் பாய்கிறது. குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு இதன் வழியே செல்ல வேண்டும் என்பதை ஒரு கதவு தீர்மானிக்கிறது. குளிப்பதற்கு வெந்நீரைத் தண்ணீருடன் விளாவுவதைப் போன்றதே இது. குமிழைத் திருப்பினால் கதவு அசையும். ஆனால் வண்டியின் உட்புறம் எவ்வளவு சூடாக உள்ளது என்பது குமிழுக்குத் தெரியாது. வெயில் ஏறினாலும் மறைந்தாலும் ஓட்டுபவரே மீண்டும் திருப்ப வேண்டும்.

தானே இயங்கும் முறை

மோட்டார்களில் குளிர்சாதனத்தை 1940-இல் பாக்கார்டு கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. உஷ்ணநிலையைத் தானே காக்கும் அமைப்பு 1964-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் வண்டிகளில் வந்தது. இம்முறையில் ஓட்டுபவர் 24° என்று குறித்தால் போதும். உட்காற்று, வெளிக்காற்று, வெயில் ஆகியவற்றை உணரும் கருவிகள் செய்தி அனுப்புகின்றன. கட்டுப்பாட்டுக் கருவி, குறித்த அளவுக்கும் உள்ள அளவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, சிறு மோட்டார்களால் கதவை அசைத்து, விசிறியின் வேகத்தையும் மாற்றுகிறது. வேறுபாடு பெரிதாயின் முழு வேகத்தில் தொடங்கி, அது குறையக் குறைய வேகத்தைத் தணிக்கிறது. ஆகவே 24°-க்குப் பதில் 16° என்று குறிப்பதால் பொதுவாக விரைவில் குளிர்ந்துவிடாது.

வெயிலை உணரும் கருவி பெரும்பாலும் முன்கண்ணாடியை அடுத்த மேடைமீது இருக்கும். அதன்மேல் காகிதக் கட்டோ, துண்டோ, சுவாமி பொம்மையோ வைத்தால் கணக்குத் தவறும்.

கவனிக்க வேண்டியவை

உட்காற்றையே சுழற்றும் பொத்தான், வண்டி விரைவில் குளிர உதவும். ஆயினும் நெடும் பிரயாணத்தில் இதையே வைத்திருந்தால் கரியமிலவாயு மிகுந்து மந்தமும் தூக்கமும் வரலாம். ஆகவே அவ்வப்போது வெளிக்காற்றை அனுமதிக்க வேண்டும். மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் மங்கினால், வெளிக்காற்றுடன் குளிர்சாதனத்தையும் இயக்கிக் காற்றைக் கண்ணாடி மீது செலுத்துக; ஈரம் நீங்கிப் பார்வை தெளியும்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்குதல் உயிருக்கு ஆபத்து. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமற்றது. உறங்குபவர் அதை உணரவே மாட்டார். எஞ்சினை நிறுத்திய வண்டி வெயிலில் அரைமணிக்குள் கொடிய சூடு அடைகிறது. ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரும் பயனில்லை. ஆகையால், "ஒரு நிமிஷந்தானே" என்று எண்ணிக் குழந்தையை வண்டியில் விட்டுச் செல்லலாகாது. இவ்விஷயத்தை வகுப்பிலும் கிராமக் கூட்டங்களிலும் தவறாது எடுத்துச் சொல்ல வேண்டும்.