ராஜாவின் முகத்தைக் காணாத மகன்

வேதபாடம்: 2 சாமுவேல் 14:21–33



பிள்ளை வளர்ப்பு என்றாலே நாம் அன்னாளையும் சாமுவேலையும் எடுத்துப் பேசுவோம். நல்லதுதான். இந்த மாதம் தாவீதின் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். சங்கீதம் நிறைந்த வீடு. ஆனால் மகனிடத்தில் பேச்சு இல்லாத வீடு.

அப்சலோம் தன் சகோதரனாகிய அம்னோனைக் கொன்றுபோட்டு, கேசூருக்கு ஓடி அங்கே 3 வருஷம் இருந்தான். செய்தது பெரிய பாவம், தகப்பனுடைய கோபத்திலும் நியாயம் உண்டு. யோவாப் பரிந்து பேசி அவனைத் திரும்ப அழைத்து வந்தான். அழைத்து வந்து என்ன பிரயோஜனம்? தன் வீட்டோடே இருக்கட்டும், என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று ராஜா சொல்லிவிட்டார். ஒரே எருசலேமில் 2 வருஷம், அப்பா முகத்தைப் பிள்ளை பார்க்கவில்லை.

இது அரண்மனைக் கதைதானே என்று நினைக்காதீர்கள். நான் ஜெபிக்கப் போகிற வீடுகளில் இதைப் பார்க்கிறேன். அப்பாவுக்கு தி.நகரில் துணிக்கடையில் வேலை. கடை சாத்தி, கணக்கு முடித்து, மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வர ராத்திரி 11 மணி. பையன் தூங்கிவிடுவான். விடியற்காலம் 5:30-க்கு அவன் டியூஷனுக்குக் கிளம்பும்போது அப்பா தூங்குகிறார். படுக்கிறது ஒரே ஹாலில்! ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஒரே வண்டியில் வருகிறார்கள், அங்கேயும் பையனுக்குத் தெரிவது அப்பாவின் முதுகுதான். இவர் கெட்ட தகப்பன் அல்ல. அவர் உழைக்கிறதே பிள்ளைக்காகத்தான். ஆனாலும் முகம் பார்க்கவில்லை என்பது உண்மை.

அப்சலோம் யோவாபுக்கு இரண்டு தரம் ஆள் அனுப்பினான், யோவாப் வரவில்லை. உடனே அவனுடைய வாற்கோதுமை வயலில் தீ வைக்கச் சொன்னான். அப்புறம்தான் யோவாப் ஓடி வந்து, ஏன் என்று கேட்டான். பிரியமானவர்களே, உங்கள் மகன் கதவைப் படார் என்று சாத்துகிறானா? வாலிபர் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறானா? மகள் போனைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறாளா? அது தீ. தீயை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு தரம் ஆள் அனுப்பினாளே, அது எப்போது என்றும் யோசியுங்கள். "அம்மா, ஒண்ணு சொல்லணும்"னு வந்தபோது, "இரு, குக்கர் வச்சிருக்கேன்" என்று சொன்ன நாள் எது?

முடிவில் ராஜா அவனை வரவழைத்து முத்தமிட்டார். பேசினார் என்று அங்கே எழுதியில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே அப்சலோம் ஒலிமுக வாசலில் நின்று, வழக்கோடு வந்த ஒவ்வொருவனிடமும் ஊர் பேர் விசாரித்துப் பேசி, ஜனங்களுடைய இருதயத்தைக் கவர்ந்துகொண்டான். நின்று கேட்கிறவனுக்குத்தான் இருதயம் போகிறது. உங்கள் மகளிடம் தெருமுனையில் நின்று பொறுமையாய்க் கேட்க யாராவது இருப்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது இது இன்னும் தெளிவாய்த் தெரியும். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசாங்கமே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் வீட்டில் நிற்கவில்லையே! "அந்த சிஸ்டர் பொண்ணு எவ்வளவு?" என்று சபை வாசலிலேயே கேட்கிறோம். அந்த ஞாயிறு நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் சாட்சி சொல்லுவார்கள், சந்தோஷம். தோற்ற பிள்ளை சபைக்கே வராது. கேட்டால் ஜுரம் என்பார்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை முதலாவது பார்க்கப்போவது உங்கள் முகத்தைத்தான். அந்த நேரத்தில் பிரசங்கம் வேண்டாம். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். தோற்ற பாடத்தை அதே வருஷம் துணைத் தேர்வில் எழுதலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள். அன்று ராத்திரி தனியாய் விடாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், சாகிற பேச்சுப் பேசினால், பிசாசின் போராட்டம் என்று சொல்லி எண்ணெய் பூசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் நம்பர் இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. காலண்டர் பக்கத்தில் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள், பிள்ளை கண்ணிலும் படுகிற இடத்தில்.