ரேடியம் போச்சு, பசை போகலையே!

விக்ரோலி கன்னம்வார் நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கம்பெனி டூட்டியில் ஓடிய வெள்ளைக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு பக்கக் கதவிலும் பெரிய எழுத்தில் ரேடியம் ஒட்டியிருந்தார்கள். உரித்துவிட்டேன், பசை மட்டும் அப்படியே நிற்கிறது. தூசி படிந்து, உரித்த எழுத்தைக் கறுப்பில் மறுபடி படிக்க முடிகிறது! பக்கத்து பில்டிங் டிரைவர் அண்ணன் தின்னர் போட்டுத் துடை என்கிறார். துடைக்கலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். அண்ணன் சொல்வது பொய்யில்லை, தின்னர் பசையைக் கரைக்கும். ஆனால் பசை எது, பெயின்ட் எது என்று அதற்குத் தெரியாது. கம்பெனியில் அடித்து, அடுப்பில் சுட்டு வந்த பெயின்ட் என்றால் ஒரு துடைப்பைத் தாங்கிவிடும். பட்டறையில் டிங்கரிங் பார்த்து அடித்தது என்.சி. பெயின்டாக இருந்தால், அதைக் கலக்கியதே தின்னரில்தான். துணியோடு கலரும் வந்துவிடும். டூட்டியில் ஓடிய வண்டி ஒருமுறையாவது பட்டறை பார்க்காமல் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. இந்த ஊரில் டிரைவர்கள் கை மாற்றிக் கை மாற்றிச் சொல்லும் வைத்தியங்களில் பாதி, பிரீமியர் பத்மினி காலத்தில் பழகியவை. தடித்த ஒற்றைப் பெயின்டும், வருஷத்துக்கொரு டச்-அப்புமாக ஓடிய வண்டிகள் அவை. 2023 அக்டோபரோடு அந்த டாக்ஸிகளே மும்பை ரோட்டை விட்டுப் போய்விட்டன.

ஆகவே முதலில் பசையை விட்டுவிட்டு, பெயின்டைப் பாருங்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பொடிப்பொடியாக வெள்ளை தெறித்திருக்கிறதா? சாய்ந்த வெயிலில் பார்த்தால் ஒரு கதவு மட்டும் பக்கத்துக் கதவைவிட மஞ்சளித்து நிற்கிறதா? இருந்தால் மறுபெயின்ட். பிறகு கதவின் அடி மூலையில், கண்ணில் படாத இடத்தில், போடப்போகும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிஷம் கழித்துத் துடையுங்கள். உங்களுடையது வெள்ளை வண்டி, அதனால் கறுப்புத் துணியால் துடைக்க வேண்டும். வெள்ளைப் பனியன் துணியில் வெள்ளைப் பெயின்ட் வந்தால் தெரியாது. துணியில் வெளுப்பு ஏறினாலோ, அந்த இடம் தொட்டால் பிசுபிசுத்தாலோ, அந்தத் திரவம் உங்கள் வண்டிக்கு ஆகாது.

இனி பசைக்கு வருவோம். ஸ்டிக்கரின் வினைல் வளையும் தன்மையோடு இருக்க அதில் எண்ணெய் மாதிரியான ஒரு பொருள் சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அது மெல்லப் பசைக்குள் இறங்கிவிடும். மேலே வினைல் அப்பளமாக நொறுங்கும், கீழே பசை அல்வாவாக இளகும். புது ஸ்டிக்கர் முழுசாக வருவதும் பழையது துணுக்குத் துணுக்காக வருவதும் இதனால்தான்.

வேலைக்கு உகந்த நேரம் காலை, பில்டிங் நிழல் கதவின்மேல் இருக்கும்போதே. தகரம் சுட்டால், பசை ஊறுவதற்குள் திரவம் ஆவியாகிவிடும். முதலில் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவுங்கள். எல்.பி.எஸ். மார்க் தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

ஒட்டிக்கொண்டிருக்கும் வினைல் துணுக்குகளுக்கு வீட்டு ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். புறங்கை தாங்குகிற சூடு சரியான சூடு. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, மேலே தூக்காமல், கதவோடு ஒட்டினாற்போலப் பின்பக்கம் மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். நகம் போகாத இடத்துக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு இருக்கிறது. பிளேடு, கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் கதவுப் பக்கம் வரக் கூடாது.

பசைக்கு முதல் மருந்து தேங்காய் எண்ணெய். சிரிக்க வேண்டாம், பெயின்டுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டிஷ்யூ பேப்பரை எண்ணெயில் நனைத்து, எழுத்தின்மேல் ஒட்டிவிட்டு, கால் மணி நேரம் டீ குடிக்கப் போய்விடுங்கள். இந்தக் காத்திருப்பில்தான் பாதி வேலை நடக்கிறது. ஊறாத பசையைத் தேய்ப்பவர்தான் பெயின்டையும் தேய்க்கிறார். அதற்கு மசியாவிட்டால் நீலகிரித் தைலம், அதற்கும் மசியாவிட்டால் ஹார்டுவேர் கடை டர்பன்டைன் அல்லது டபிள்யூடி-40. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த மூலைச் சோதனை உண்டு. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதுவும் சி.என்.ஜி. வண்டியருகே.

ஊறியபின் கட்டை விரலைத் துணிக்குள் வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டுங்கள். பசை சாம்பல் நிற உருண்டையாகத் திரண்டு வரும். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் ஓரெழுத்துப் பசை கதவு முழுக்கப் பரவும். துணியின் பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள், அழுக்கான பக்கம் எடுத்த பசையைத் திரும்பப் பூசும். கடைசியில் மெல்லிசாக ஒரு பிசுக்கு மட்டும் நிற்கும். அதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு துடைப்பு போதும். பிறகு மறுபடி ஷாம்பூ. பச்சை ஸ்கிரப்பர், சபீனா, பற்பசை எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். மீந்த டர்பன்டைனைக் கட்டரில் ஊற்றாதீர்கள். விக்ரோலி நாலாத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் தாணே கடற்கழியின் சதுப்புக்காடு.

கதவுக்கு ஆகும் திரவம் எல்லா இடத்துக்கும் ஆகாது. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட். தின்னரோ பெட்ரோலோ பட்டால் முடி முடியாகக் கீறல் விழும், பிறகு சரிசெய்ய முடியாது. அங்கே தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடி நேர் எதிர், அதற்குப் பிளேடே சரி. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலையின்போது மும்பை போலீஸ் வண்டிகளுக்கு வட்ட ஸ்டிக்கர் கேட்டது நினைவிருக்கும்: மருத்துவத்துக்குச் சிவப்பு, காய்கறி-மளிகைக்குப் பச்சை, மற்ற அத்தியாவசிய வேலைக்கு மஞ்சள். சில நாளிலேயே அந்த உத்தரவு வாபஸ் ஆனது. அன்றே உரித்திருந்தால் பசை தங்கியிருக்காது. அந்த வட்டத்தை இன்னும் வைத்திருப்பவர்கள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, புதுப் பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தள்ளலாம். பின் கண்ணாடியின் உட்புறம் மட்டும் விலக்கு. அங்கே பனி நீக்கும் கம்பிக்கோடுகள் இருந்தால் பிளேடு அவற்றைச் சீவிவிடும்.

உரிக்கும் ஜோரில் ஃபாஸ்டாகைக் கிளப்பிவிடாதீர்கள், கிளப்பினால் உள்ளே உள்ள சிப் அறுந்துவிடும். முன் கண்ணாடியில் எரிபொருளுக்கேற்ற நிறத்தில் இருக்கும் பதிவெண் ஸ்டிக்கரும், சி.என்.ஜி. ஸ்டிக்கரும் இருக்க வேண்டியவை. வண்டி இன்னும் மஞ்சள் நம்பர் பிளேட்டில்தான் இருக்கிறது என்றால், பிரைவேட்டாக மாற்றி முடிக்கும்வரை ரிஃப்ளெக்டர் டேப்பையும் தொட வேண்டாம்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வண்டியை விடுவார்கள். அங்கே ரப்பர் சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சில நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள். நல்ல முறைதான், ஆனால் வேகத்தைக் கேளுங்கள். இந்தச் சக்கரங்களுக்கு நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்குள் இருக்க வேண்டும். சாதாரண டிரில் போதும். சின்னக் கிரைண்டர் 11,000 வரை சுற்றும், அதில் மாட்டினால் பெயின்ட் சூடேறிக் கருகும். கையில் கிரைண்டர் இருந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பசை போனபின்னும் எழுத்தின் நிழல் தெரியலாம். அது அழுக்கல்ல; ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதுசாகவே இருக்கிறது, சுற்றியுள்ளதுதான் மங்கிவிட்டது. எனவே எழுத்தைத் தேய்ப்பதில் பயனில்லை, சுற்றியுள்ள இடத்துக்குத்தான் பாலிஷ் போட வேண்டும். கையால், நைஸ் பாலிஷ், ஒரு தடவை. ரப்பிங் காம்பவுண்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். மேலே இருக்கும் கிளியர் கோட் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. வெள்ளையில் இந்த நிழல் அவ்வளவாகத் தெரியாது. மிச்சம் தெரிவது இன்னும் இரண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகும். அதற்காகக் கதவு முழுக்கப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.