எந்தப் பெடல் முதலில்?

அரிசியைக் களைந்து உலையில் போடுவதும், உலையில் போட்டுவிட்டுக் களைவதும் ஒன்றா? கணக்கிலும் அப்படித்தான். 5 உடன் 3-ஐக் கூட்டி 2-ஆல் பெருக்கினால் 16. முதலில் பெருக்கிவிட்டுக் கூட்டினால் 13. எண்கள் அதேதான், வரிசைதான் மாறிப் போச்சு!

பேஸ் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் கோர்க்கும் எஃபெக்ட் பெடல்களிலும் இதே கதைதான். ஒவ்வொரு பெடலும் தனக்கு வந்து சேரும் ஒலியைத்தான் மாற்றும்.

பேஸ் கிட்டார் பாட்டுக்கு அஸ்திவாரம். அதன் தடித்த இ தந்தி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். பெடல்களைத் தாறுமாறாகக் கோர்த்தால் இந்த அடிநாதம் குழம்பிப் போகும்.

பலரும் வைக்கும் வரிசை இது:

1. ட்யூனர்: சுருதி பார்க்கக் கலப்பில்லாத ஒலி வேணும்.
2. கம்ப்ரஸர்: ஓங்கி அடித்ததையும் மெல்ல மீட்டியதையும் ஓரளவு சமமாக்கும்.
3. ஆக்டேவ்: அதிர்வைப் பாதியாக்கிக் கீழ் ஸ்தாயி தரும். ஒலி சீராக வந்தால் தடுமாறாது.
4. டிஸ்டார்ஷன்: ஒலியைக் கரகரப்பாக்கும்.
5. கோரஸ்: பலர் சேர்ந்து வாசிப்பது போலக் காட்டும்.
6. டிலே: எதிரொலி தரும்.

டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும்? எதிரொலி மெல்லத் தேய வேண்டும். ஆனால் டிஸ்டார்ஷன் சின்ன ஒலியையும் பெரிதாக்கிவிடும். பழைய ஸ்வரமும் புது ஸ்வரமும் ஒன்றோடொன்று மோதி ஒரே இரைச்சல்தான்!

இன்னொரு விஷயம். பல டிஸ்டார்ஷன் பெடல்கள் அடிநாதத்தைக் குறைத்துவிடும். அதனால் பேஸுக்கென்று வரும் பல பெடல்களில் ‘பிளெண்ட்’ என்ற திருகு இருக்கும். அதைத் திருப்பினால் அசல் ஒலியும் கூடவே கலந்து வரும்.

இது சட்டமில்லை, பழக்கம்தான். 1983-ல் வந்த மெட்டாலிக்காவின் முதல் ஆல்பத்தில் கிளிஃப் பர்ட்டன் டிஸ்டார்ஷனும் வா பெடலும் வைத்து பேஸிலேயே தனி ஆவர்த்தனம் செய்தார். வா பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு, பின்னால் வைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு ஒலி.

வரிசையை மாற்றிப் பார்க்கக் காசு செலவில்லை. ஒரு நேரத்தில் இரண்டு பெடலை மட்டும் இடம் மாற்றிக் கேளுங்க. ஒயரைக் கழற்றும் முன் ஆம்ப் வால்யூமைக் குறைக்க மறக்காதீங்க!

யோசியுங்கள்: ஏ தந்தி நொடிக்கு 55 தடவை அதிரும். ஆக்டேவ் பெடல் தரும் கீழ் ஒலி எத்தனை?
(விடை: 27.5)