காம்பி பாய்லரா, சோலாரா, கீசரா?

கேள்வி: சித்தூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழும் மேலுமாக மூன்று குளியலறை. லண்டனில் மகன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரே ஒரு பெட்டி. எந்தக் குழாயைத் திறந்தாலும் உடனே வெந்நீர். ‘காம்பி பாய்லர்’ என்றான். அதை இங்கே வைக்கலாமா? பிளம்பர் சோலார் என்கிறார், மேஸ்திரி அறைக்கொரு கீசர் போதும் என்கிறார். எங்களுடையது போர் தண்ணீர், உப்பு அதிகம்.

பதில்: அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள் ஐயா. குழாய் வழியே எரிவாயு வரும் ஊரில், பனிக்காலத்தில் வீட்டையே கதகதப்பாக வைக்க வந்த இயந்திரம் அது. குளிக்க வெந்நீர் தருவது அதன் இன்னொரு வேலை. அதை மின்சாரத்தில் செய்யவும் முடியாது. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்ற சுமார் 24 கிலோவாட் வேண்டும். நம் வீடுகளின் மின் இணைப்பு 3, 5 கிலோவாட்டோடு நின்றுவிடும். சிலிண்டரில் ஓடும் சிறிய கேஸ் கீசர் இருக்கிறது. ஆனால் அதை மூடிய குளியலறைக்குள் மட்டும் மாட்டவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

பிளம்பர் சொல்வதும் சரி, மேஸ்திரி சொல்வதில் பாதியும் சரி. இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இதற்குப் பெரிய உதாரணம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருமலையில் அன்னதானச் சமையலுக்காக 2002-இல் தேவஸ்தானம் 106 குழியாடித் தட்டுகளை நிறுத்தி, வெயிலில் நீராவி எடுத்தது. நாளுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு. பழைய பாய்லரைத் தூக்கி எறியவில்லை, அதோடுதான் இதை இணைத்தார்கள். வெயில் உள்ளபோது வெயில், இல்லாதபோது பாய்லர்.

உங்களுக்கு 200 லிட்டர் சோலார் தாராளம். ‘பேக்கப்’ என்று அந்தத் தொட்டிக்குள்ளேயே மின் காயிலைப் போடச் சொல்வார்கள், வேண்டாம். 200 லிட்டரை 25 டிகிரி ஏற்ற ஆறு யூனிட் போகும். 15 லிட்டர் கீசரில் அதே சூட்டுக்கு அரை யூனிட்கூட ஆகாது. வீட்டில் அதிகம் புழங்கும் ஒரு குளியலறையில் கீசரை வைத்து, சோலார் தண்ணீரையே அதன் உள்வழியில் கொடுங்கள். அவ்வளவு சூடான தண்ணீரை அது தாங்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வெயில் நாளில் கீசரைத் தாண்டிப் போக ஒரு மாற்றுவழியும் மூன்று வால்வுகளும் தேவை. இல்லாவிட்டால் கீசருக்குள் ஆறிக்கிடக்கும் 15 லிட்டரும் வந்து தீர்ந்த பிறகுதான் சோலார் சூடு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வால்வைத் திருப்பினால் போதும்.

மொட்டை மாடியில் கவனிக்க வேண்டியது உயரம். தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சோலாரிலிருந்து எழும் ஏர் வென்ட் குழாய் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் மேல்மட்டத்தையும் தாண்டி நிற்க வேண்டும். தண்ணீர் சிந்துகிறது என்று அதன் வாயை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தொட்டி வெடிக்கவோ உள்வாங்கவோ அதுவே போதும்.

சிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும். ஷவர் வேகமாக வர வேண்டுமென்று பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் வைப்பார்கள். மிக்ஸர் குழாயில் இரண்டு பக்கமும் திறந்து, முனையை மட்டும் அடைத்திருந்தால், வேகம் கூடிய பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனில் ஏறி, மாடியில் வென்ட் வழியே கொட்டும். வெந்நீரும் வீண், பம்பும் ஓயாது. இரண்டு லைனுக்கும் ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர் எடுங்கள், பம்பைத் தவிருங்கள், ஒவ்வொரு குளியலறைக்கும் வெந்நீர்க் கிளையில் நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள்.

வெந்நீருக்கு சிபிவிசி குழாய்தான். சாதாரண பிவிசி வளைந்துவிடும். முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால் அதில் சுமார் ஐந்து லிட்டர் தங்கும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்த ஆறின தண்ணீர். அதனால் மூன்று குளியலறைகளையும் மேலும் கீழுமாக, ஒரே சுவரையொட்டி அமைக்க இன்னும் வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். மாடியில் வெளியே தெரியும் குழாய்க்கு உறை போடுங்கள், வெயிலில் அந்த உறை பொடியாகாமல் மேலே ஒரு சுற்றும் வேண்டும்.

உப்புத் தண்ணீருக்குத் தட்டைத் தகடு சோலார் வேண்டாம், அதன் சன்னமான செப்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை வாங்கி, வருடம் ஒருமுறை வடித்துக் கழுவுங்கள். வெயில் ஏறும் முன், காலையில்தான். காய்ந்த கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

குழாய் பதித்த சுவரைப் பூசுவதற்கு முன், எல்லா முனைகளையும் அடைத்து அழுத்தச் சோதனை செய்து, ஒரு ராத்திரி அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் கேஜ் முள் இறங்கியிருந்தால் மேஸ்திரியைப் பூச்சுக்கரண்டியைத் தொடவிடாதீர்கள்.