மூளைக் கட்டியின் களவு வாய்க்கால்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, வாய்க்கால்களாகப் பிரிந்து நெல்லைச் சீமையை வாழ்விக்கின்றது. வாய்க்கால் எட்டாத மேட்டில் பயிர் வாடும் என்பது நாம் கண்ட உண்மை. மனித உடலும் அத்தகையதே. இரத்த நுண்குழாயிலிருந்து பிராணவாயு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தொலைவு வரைதான் ஊறிச் செல்லும். அதற்கு அப்பால் உள்ள உயிரணு பட்டினிதான். உடல் எடையில் 2 சதவிகிதமேயான மூளையோ, ஓய்வு நிலையில் உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கின்றது.

இத்தகைய மூளையில் கட்டி ஒன்று தோன்றினால், அதற்கு இரத்தம் எங்கிருந்து கிடைக்கின்றது?

ஃபோக்மனின் கருத்து

1971ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்காவிடில் எந்தக் கட்டியும் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது. ஆகவே அக்குழாய்களைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்றார். தொடக்கத்தில் பலர் இதனை ஐயுற்றனர். பின்னர் ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன.

கட்டி செய்யும் சூழ்ச்சி

மூளையின் தாங்கு உயிரணுக்களை ஒத்த அணுக்களால் ஆன கட்டி கிளையோமா. அதன் கொடிய வகை கிளையோபிளாஸ்டோமா. இக்கட்டியின் அணுக்கள் முதலில் மூளையில் முன்பே உள்ள குழாய்களைப் பற்றிக்கொண்டு படர்கின்றன. ஊர் வாய்க்காலில் திருட்டு மடை வைப்பது போன்றது இது.

கட்டி பெருத்ததும் அந்த நீர் போதுவதில்லை. நடுப்பகுதி மூச்சுத் திணறுகின்றது. பிராணவாயு நிறைந்திருக்கும்போது உடனுக்குடன் அழிக்கப்படும் 'ஹிஃப்' என்னும் புரதம் இப்போது அழியாமல் நிலைத்து, 'வெஜ்எஃப்' என்னும் தூதுப்பொருளைச் சுரக்கச் செய்கின்றது. அத்தூது எட்டியதும் அருகிலுள்ள குழாயின் உட்சுவர் அணுக்கள் விழித்தெழுந்து, தம் சுற்றுறையைக் கரைத்து, முளைவிட்டுக் கட்டியை நோக்கி வளர்கின்றன. உயிரணுக்கள் பிராணவாயுக் குறைவை உணரும் இம்முறையைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒழுகும் கரை

அவசரத்தில் வெட்டிய வாய்க்காலின் கரை உறுதியாக இருக்குமா? கட்டியின் குழாய்களும் கோணல்மாணலாக வளர்ந்து ஒழுகுகின்றன. மூளைக்கே உரிய இரத்தத் தடுப்புச் சுவர் அங்கே சிதைகின்றது. கசிந்த நீரால் மூளை வீங்குகின்றது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. எனவே தலைவலியும் வாந்தியும் தோன்றுகின்றன. மருத்துவர் தரும் டெக்சாமெத்தசோன் இவ்வீக்கத்தைத் தணிக்கும், கட்டியை அழிக்காது.

மருந்தும் ஏமாற்றமும்

வெஜ்எஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்தை, மீண்டும் தோன்றிய கிளையோபிளாஸ்டோமாவுக்குப் பயன்படுத்த 2009இல் அமெரிக்கா இசைவளித்தது. ஆயினும் புதிதாக நோயுற்றோரிடம் நடத்தி 2014இல் வெளிவந்த இரு பெரும் ஆய்வுகளில், நோய் முற்றுவது சில மாதங்கள் தள்ளிப்போயிற்றே அன்றி, ஆயுள் நீளவில்லை. புதிய வாய்க்காலை அடைத்தாலும், கட்டி பழைய குழாய்களைப் பற்றிப் படரும் வழி திறந்தே உள்ளது என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ராகேஷ் ஜெயின், குழாய்களை அழிப்பதைவிடச் சீராக்கினால் கதிர்வீச்சும் மருந்தும் நன்கு பயன் தரும் என 2001இல் எடுத்துரைத்தார்.

நம் கடமை

தமிழகத்தில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்துக்கு வித்திட்டனர். எனினும் வலிப்புக் கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, வேப்பிலை அடிக்க அழைத்துச் செல்லும் வழக்கம் நம் சிற்றூர்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. எல்லாத் தலைவலியும் கட்டியன்று, அஞ்ச வேண்டா. ஆனால் நாளுக்கு நாள் மிகும் காலைத் தலைவலி, வாந்தி, முதன்முறையாக வரும் வலிப்பு, கை கால் தளர்ச்சி ஆகியவற்றைக் கண்டால் மருத்துவமனைக்கு விரைவதே அறிவுடைமை. கட்டி காத்திருப்பதில்லை, நாமும் காத்திருத்தல் ஆகாது. கல்வி கற்ற நாம் இதனை நம் ஊராருக்கு எடுத்துச் சொல்வோமாக!