தொட்டியில் தெரியும் பனியன்



நீ அனுப்பிய படத்தில் முதலில் கண்ணில் பட்டது உன் பனியன். அடுத்து, தொட்டிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக உன் வீட்டு ட்யூப் லைட். அதற்கும் பின்னால் நீலமும் சிவப்புமாக ஏதோ இழுபட்டுக் கிடந்தது. நியான் டெட்ரா என்று நீ கீழே எழுதியிருந்ததால் புரிந்தது. புது கேமரா வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். முதலில் அறை விளக்கை அணை.

தொட்டிக்கு வெளியே வெளிச்சம் இருக்கும்வரை அதன் முன்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடிதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிடு, டிவியை நிறுத்தச் சொல், தொட்டி விளக்கு மட்டும் எரியட்டும். உடம்பில் கறுப்புச் சட்டை. செல்போனில் எடுப்பதானால் ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, போனுக்கு முன்னால் பிடித்துக்கொள். பத்து ரூபாய்க்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீன்தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். பாசி தின்கிற அமானோ இறாலுக்கு அவர் பெயர்தான். ஜப்பானின் நீகாதாவில் 1954-இல் பிறந்தவர். சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1982-இல் ஏடிஏ என்ற மீன்தொட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அமேசான், போர்னியோ காடுகளைப் படமெடுத்த அதே பெரிய கேமராவோடு தன் தொட்டிகளின் முன்னாலும் நின்றார். எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம், தாளுக்கு ஒரு படம். நூறு எடுத்து ஒன்றைப் பொறுக்கும் நம் பழக்கமெல்லாம் அங்கே செல்லாது. அதனால் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே வேலை முழுக்க முடிந்திருக்கும். ஃபில்டர் குழாய்கள் வெளியே வந்துவிடும். பழுத்த இலைகள் கத்தரிக்கப்படும். ஃப்ளாஷ் விளக்குகள் தொட்டிக்கு மேலே ஏறும். கடைசியாக ஒருவர் ஹேர் டிரையரை எடுத்து நீர்ப்பரப்பின் மேல் ஊதுவார். தண்ணீர் சிலிர்க்கும், படத்தின் மேல்விளிம்பில் ஓர் ஓடை வந்துவிடும். பிறகு மீன் கூட்டம் ஒரே பக்கம் திரும்பும்வரை காத்திருப்பு.

2001 முதல் அந்த நிறுவனம் நடத்திவரும் தொட்டி வடிவமைப்பு உலகப் போட்டிக்கு யாரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, புகைப்படம்தான் போகிறது. மாதக்கணக்கில் வளர்த்த செடியை ஒரு கறைபடிந்த கண்ணாடி தோற்கடித்துவிடும்.

உனக்கு ஹேர் டிரையர் வரைக்கும் போக வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். உள்பக்கப் பாசியை அதைக் கொண்டு வழி. வெளிப்பக்கம் போர் தண்ணீர் காய்ந்த உப்புத் திட்டு இருக்கும். வினிகர் தொட்ட துணியால் துடை, ஒரு சொட்டும் உள்ளே விழக் கூடாது. தண்ணீர் மாற்றுவதை முந்தின நாளே முடித்துவிடு. அன்றைக்கே மாற்றினால் புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று கண்ணாடியெங்கும் பொடிப்பொடிக் குமிழாக முளைத்து, தொட்டிக்கு அம்மை போட்டது போலிருக்கும். தீனியும் படத்துக்குப் பிறகுதான். இல்லாவிட்டால் தின்ற மீன் பின்னால் ஒரு நூலைத் தொங்கவிட்டுக்கொண்டே போஸ் கொடுக்கும். கப்பி வளர்த்தவர்களுக்கு இந்தச் சோகம் தெரியும்.

கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து, மீனின் மட்டத்தில் எடு. சாய்வாக எடுத்தால், டம்ளரில் போட்ட ஸ்பூனை ஒடித்துக் காட்டுகிற அதே ஒளிவிலகல் மீனின் விளிம்பில் நிறத்தைக் கசியவிடும், செதில்களைக் குழப்பும். இன்னொன்று: நியான் இருட்டில் வெளுத்துவிடும் மீன். தொட்டி விளக்கைப் போட்டவுடனே கேமராவைத் தூக்காதே. நிறம் திரும்ப அரை மணி நேரம் கொடு.

இழுபட்ட மீனுக்கு வருவோம். ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்காவது வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை 1600 வரை தயங்காமல் ஏற்று. கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும், மீனின் கண் கூர்மையாக இருந்தால் யாரும் புள்ளியைப் பார்க்கமாட்டார்கள். வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் வேறொரு வம்பு உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்இடி விளக்கின் ஒளி அதனால் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 100-இல் ஒரு பங்குக்கு இறங்கிப் பார். அந்த வேகத்தில் ஓடுகிற மீனைப் பிடிக்க முடியாதுதான். ஆனால் மீன் தொட்டியின் கோடியில் திரும்பும்போது ஒரு கணம் நிற்கும். துரத்தாதே, அந்த மூலையில் ஃபோகஸ் வைத்துக் காத்திரு. செல்போன் ஃப்ளாஷை மட்டும் மறந்துவிடு. கண்ணாடியில் ஒரு சூரியன்தான் விழும்.

ஃபைட்டர் மீனை எடுக்க ஆசை என்று எழுதியிருந்தாய். தாய்லாந்துக்காரர் விசாருத் அங்கத்தவானிச்சின் படங்களைத் தேடிப் பார். தண்ணீர் இருப்பதே தெரியாது. பட்டுத்துணி அந்தரத்தில் விரிந்தது போல் வால் நிற்கும். செடி, கல், கூழாங்கல் எதுவும் இல்லாத வெற்றுப் பின்னணி. உன்னிடம் இருக்கிற சின்னக் கண்ணாடித் தொட்டியும் மிச்சமுள்ள சார்ட் பேப்பரும் இதற்குப் போதும். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்று. செவுள் விரிய வேண்டுமென்றால் கைக்கண்ணாடி காட்டலாம், ஒரு நிமிடம் மட்டும். எதிரி போகவே மாட்டேன் என்கிறானே என்று அது சோர்ந்துபோனால் நிறமும் போய்விடும்.

படம் எடுக்கும்போது ஃபில்டரையும் ஏர் பம்பையும் நிறுத்தியிருப்பாய், செடிகள் ஆடக் கூடாதென்று. நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தில் அவற்றைத் திரும்பப் போடாமலே தூங்கப் போனவர்கள் நிறைய பேர். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வை.